காணியை நம்பிப் போட்ட நெல்

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை அன்னப்பூரணியை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு எழுந்தோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாவற்குடாவில் நெல்லு மில் வைத்திருக்கும் அவள் புருஷன் நல்லரத்தினம், பொலன்னறுவை முதலாளி ஒருவருக்குக் கடனாகக் கொடுத்த அரிசிக்குக் காசு கேட்டுத் திங்கட்கிழமை லொறியில் போனார். அன்று பின்னேரமே வழியில் கண்ணிவெடி வெடித்து ரோட்டைப் பூட்டிவிட்டார்கள். இன்று வியாழன். மனிதரும் வரவில்லை, லொறியும் வரவில்லை, ஒரு சொல்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ மகள் தவமலருக்குக் கல்யாணம்.

விடிந்ததும் அன்னம் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். கேற்றடியில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. பந்தல்காரர் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "தள்ளிட்டு வாங்க, பூட்டல்ல" என்று நிமிராமலே சொன்னாள்.

வந்தவர்கள் பந்தல்காரர் இல்லை. வாவிக்கு அக்கரை வெல்லாவெளி ஆட்கள். முன்னுக்கு அந்த ஊர்ப் பெரிய வயல்காரர் கோணாமலைப் போடியார், சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் கடைசியில், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி சின்னத்தங்கம். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக ஒரு துண்டு வயல் செய்கிறவள்.

அன்னம் கூட்டுவதை நிறுத்தினாள். நிறுத்தாமல் என்ன செய்வாள்? வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, இந்தப் பக்கம் எழுவான்கரை. அங்கே இயக்கம், இங்கே ஆமி. கடந்து வருகிறவன் துறையில் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டிக் காட்டி, பாதையில் ஏறி வருவதற்குள் சீவன் போய்விடும். பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்புத் தெப்பத்துக்கு அங்கே அதுதான் பெயர். பின்னேரம் கடைசிப் பாதை போய்விட்டால் அந்தக் கரைக்காரர் இந்தக் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட காலத்தில் இத்தனை பேர் சேர்ந்து வருகிறார்கள் என்றால் பலகாரம் சாப்பிட வரவில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"வாங்க போடியார். கலியாணத்துக்கு இன்னும் நாள் இரிக்கே" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"கலியாணத்துக்கு வரல்ல தங்கச்சி. நல்லரத்தினம் எங்க?"

"லொறியோட போனவர் இன்னும் வரல்ல."

கோணாமலை ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கட நெல்லுக்குக் கணக்குத் தீர்க்க வந்திரிக்கம். இண்டைக்கே தீரவேணும்."

மில்லின் கதையை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் அன்னம் ஏன் அப்படிப் பயந்தாள் என்று உங்களுக்கு விளங்காது. நல்லரத்தினம் தொடங்கும்போது ஒரேயொரு பழைய மெசின்தான். அதுவும் பெண்சாதியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கியது. வங்கி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏறெடுத்துப் பார்த்தவர்கள் வெல்லாவெளி வயல்காரர்தான். பங்குனியில் அறுத்துச் சூடடித்து முடிந்ததும் நெல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காசு கேட்கவில்லை. "போட்டு வைங்க, புரட்டாதியில விதைப்புக்கு எடுப்பம்" என்றார்கள். அவர்களுக்கும் அதில் வசதி இருந்தது. வீட்டில் வைத்தால் எலி தின்னும், ஷெல் விழும், வருகிறவன் போகிறவனெல்லாம் பங்கு கேட்பான்.

அந்த இடைப்பட்ட மாதங்களில் நல்லரத்தினம் அந்த நெல்லை அரிசியாக்கி விற்றார். விற்ற காசைப் புரட்டினார். ஒரு மெசின் இரண்டானது. நெல் அவிக்கத் தொட்டி கட்டினார். நல்லரத்தினத்துக்குச் சுக்கிர திசை என்றது ஊர். சுக்கிரனாவது ஒன்றாவது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வெல்லாவெளியாரின் பொறுமைதான் அங்கே மெசினாகவும் தொட்டியாகவும் நின்றது.

அதோடு நின்றிருக்கலாம். மனிதர் அகலக் கால் வைத்தார். லொறி வாங்கினார். லொறி வந்தபிறகு அது சும்மா நிற்கக்கூடாதே என்று பொலன்னறுவைக்கு ஓடினார். அங்கே பெரிய முதலாளி பெரிய கணக்காக வாங்கினார், ஆனால் கடனுக்கு. வாங்கியதும் கடன், விற்றதும் கடன் என்றால் நடுவில் நிற்கிறவன் கழுத்தில்தான் கயிறு. முதலாளி காசு அனுப்பும்வரை வெல்லாவெளி பொறுத்திருக்க வேண்டும். வெல்லாவெளியோ இன்று முற்றத்தில் நின்றது.

"ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேர் மூணு பேராத்தானே வாற நீங்க. இந்த வருசம் என்ன எல்லாரும் ஒண்டா?" அன்னம் கேட்டாள்.

பின்னாலிருந்து சின்னத்தங்கம்தான் சொன்னாள்.

"போன கிழமை நான் ஆசுப்பத்திரிக்கு வந்து இஞ்ச ஏறின நேரம் நீங்கதான்கா சொன்ன. வெத்திலையும் தந்து, ஊருக்கும் சொல்லிவிடு எண்டீங்க. வியாழக்கிழமை உறுதி எழுதுறம், வீடு, மில்லு, காணி, ஒண்டும் விடாம எல்லாம் மகள்ட பேருக்கு எண்டு."

"ஓம், சந்தோசத்தில சொன்னன். தாய்க்குத் தாய் வாற காணி. என்ட அம்மா எனக்கு எழுதினா, நான் என்ட மகளுக்கு எழுதுறன். ஊர் வழக்கந்தானே?"

"வழக்கம் சரிகா. மறுகா எங்கட நெல்லுக்கு ஆர் பொறுப்பு? நாளைக்கு மருமகன் வந்து, மாமா பட்ட கடனுக்கு என்ட பொஞ்சாதிட காணியில உங்களுக்கென்ன வேல எண்டு கேட்டா நாங்க எங்க போற?"

கோணாமலை ஒரு படி முன்னுக்கு வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தங்கச்சி, ஒண்டை விளங்கிக்கங்க. நல்லரத்தினம் நல்ல மனுசன். ஆனா நாங்க அவரை நம்பி நெல்லுப் போடல்ல. அவர் லொறியில ஏறினா ஆளில்ல, இண்டைக்கு உங்களுக்கே தெரியா எங்க எண்டு. உங்கட காணிய நம்பிப் போட்டம். காணி ஓடாது."

இத்தனை வருஷமும் மில்லை வளர்த்தது புருஷனின் கெட்டித்தனம் என்றே அன்னம் நினைத்திருந்தாள். தான் கூட்டிக்கொண்டு நின்ற மண்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மண்ணைத்தான் கையை மாற்றப் போகிறேன் என்று போன கிழமை வெற்றிலை வைத்து ஊருக்கே பறை சாற்றியிருக்கிறாள். தவளை தன் வாயால் கெட்டது.

அவசரமும் அவள் வேண்டிச் செய்ததல்ல. மாப்பிள்ளையின் தாய், தன்னாமுனைச் சீதேவிப்பிள்ளை, உறுதிப் பத்திரத்தைக் கண்ணால் கண்டபிறகுதான் மற்றப் பேச்சு என்று சொல்லிவிட்டாள். இன்று பொழுதுபடமுன் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருக்கும் ஊரில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே வருவான்? தாலி ஏறாத பிள்ளையை வீட்டில் வைத்திருந்த தாய்மார் அந்த வருஷங்களில் நாய் குரைத்தாலே எழுந்து உட்கார்ந்தார்கள். எவன் எப்போது வந்து எதற்குக் கூட்டிப்போவான் என்று ஒருத்திக்கும் நிச்சயம் இல்லை.

அன்னம் ஸ்டோரைத் திறந்து காட்டினாள். சுவரோரமாக ஒரே ஒரு வரிசை நெல் மூடை. அதற்கு அந்தப் பக்கம் வெறும் சீமெந்து.

"இதென்ன, இவ்வளவுதானா? மெசினைக் கழட்டுவம்" என்றான் இளையதம்பி. அவன் கோணாமலையின் மருமகன், முன்கோபக்காரன். சொன்னபடியே மெசின் அறைக்கு நடந்தான்.

அன்னம் ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்றாள். கையில் இன்னும் விளக்குமாறு இருந்தது.

"கழட்டு தம்பி. இரும்புதான் மிஞ்சும். அந்த இரும்பையும் துறையில ஆமிக்காரன் விடமாட்டான். இது ஓடினாத்தான் உங்கட நெல்லு திரும்பி வரும். இதைக் கழட்டினா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"ஓடுறதுக்கு நெல்லு எங்க இரிக்கு?"

கோணாமலை கூப்பிட்டதால் இளையதம்பி திரும்பிப் போனான்.

தவமலர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒருவரும் தொடவில்லை. வேலியோரத்து நிழலில் வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். நல்லரத்தினம் வருவார் என்று காத்திருந்தார்கள். அன்னமும் காத்திருந்தாள். ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் கேற்றை எட்டிப் பார்த்தாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. மனதுக்குள் கூட அதைக் கேட்கப் பயந்தாள்.

மத்தியானம் தாண்டி வெயில் சாயத் தொடங்கியபோது நொத்தாரிசு கிளரன்ஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். பறங்கித் தெருக்காரர். அன்னத்தின் தாய்க்கும் உறுதி எழுதியவர் அவர்தான். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்:

"துறையில நோட்டீஸ் ஒட்டியிரிக்கான் மகள். நாளையிலருந்து பாதை ஓடாது. எப்ப விடுவான் எண்டும் தெரியா. இந்தச் சனம் வெல்லாவெளியா? இண்டைக்குப் போகாட்டி அகதிதான்."

வேலியோரத்தில் சலசலப்பு எழுந்தது. காலையில் வந்து கம்பு நட்டுக்கொண்டிருந்த பந்தல்காரர் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அன்னத்தின் மனதுக்குள் அந்த நேரம் ஒரு நினைப்பு வந்தது. நல்ல நினைப்பில்லை. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமல்லவா. நேரம் போனால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் கடைசிப் பாதைக்கு ஓடியே ஆக வேண்டும். நாளைக்கு வர முடியாது, ஞாயிற்றுக்கிழமையும் வர முடியாது. பாதை திறக்கும்போது மகள் கழுத்தில் தாலி ஏறியிருக்கும், காணி மகள் பேரில் இருக்கும். அதற்குப் பிறகு யார் வந்து கத்தினால் என்ன?

"இவ்வளவு தூரம் வந்த நீங்க, பட்டினியோட போகக்கூடாது. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. குசினிக்குள் போய்ப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.

தவமலர் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, என்னத்துக்கு இப்ப சோறு?"

"வந்தவங்களுக்குச் சோறு போடாம?"

"காலையிலிருந்து இரிக்காங்க. அப்ப போடல்ல. கிளரன்ஸ் ஐயா சொன்னதக் கேட்டாப் பொறகு பானை வைக்கிறீங்க."

அன்னம் விறகைத் தள்ளினாள். புகை கண்ணில் ஏறியது.

"ஓம். நேரம் போகட்டும் எண்டுதான். உனக்காகத்தான்டி செய்யிறன். இந்தக் காணி போனா உனக்கு ஆர் இரிக்கா? அப்பாவும் எங்க எண்டு தெரியா. உன்னை ஒரு கையில குடுத்திட்டா நான் எங்கயாவது கிடந்து சாவன்."

"சின்னத்தங்கம் மாமி வெறுங்கையோட போய் என்னத்த விதைக்கிற? மழை வந்திடும். விதைக்காட்டி அடுத்த பங்குனி வரைக்கும் அவ என்னத்தத் தின்னுற?"

"நான் எல்லாரையும் பாக்க ஏலா."

"அவட வயிறு எரிய எரிய எனக்கு எழுதுற வீட்டில நான் எப்பிடி அடுப்பு மூட்டுற அம்மா?"

தாயின் கோபம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிட்டது. அன்னம் நிலத்தில் குந்திச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்தாள். எரிந்த விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். முகத்தைக் கழுவினாள்.

வெளியே வந்து கிளரன்சிடம் சொன்னாள்: "ஐயா, மகள்ட உறுதிய மடிச்சு வைங்க. இவங்க எல்லாருக்குமாப் போடியார் பேருக்கு ஈடு எழுதுங்க. வீடு, மில்லு, காணி எல்லாம். இவங்கட நெல்லுக் காசு தீருமட்டும் நான் விக்கவும் ஏலா, குடுக்கவும் ஏலா."

கிளரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஈட்டில கிடக்கிற காணியை மகளுக்கு எழுதலாம், சட்டம் விடும். ஆனா மாப்பிள்ள வீடு விடுமா?"

"விடாது. சீதேவிப்பிள்ளை மச்சாளை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதச் சொல்றீங்க?"

"எழுதுங்க ஐயா. நேரமில்ல, பாதை போயிடும்."

அவர் முற்றத்து மேசையில் வைத்து எழுதினார். பந்தல் போட வந்த இருவரும் சாட்சிக்குக் கையெழுத்து வைத்தார்கள். தாங்கள் கம்பு நட்ட பந்தலுக்கு இனி ஓலை ஏறுமா என்று அவர்கள் கேட்கவில்லை. அன்னம் கையெழுத்து வைத்தாள். தாய் வீட்டு மண், அதற்கு முந்திய தாயின் மண், ஒரு பேனா இழுப்பில் போகிறதே என்று நெஞ்சு பதறியது. நல்லரத்தினம் இல்லாமல் இப்படியொன்றைச் செய்துவிட்டோமே என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஸ்டோரில் கிடந்த மூடைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அதற்கு மேல் துறையில் விடவும் மாட்டார்கள். விதைப்புக்கு அது போதும். சின்னத்தங்கத்தின் மூடையை இளையதம்பி தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டான். காலையில் மெசினைக் கழற்ற வந்தவன் இப்போது அன்னத்தின் முகத்தைப் பார்க்காமல் கயிறு கட்டினான்.

கோணாமலை ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "கோவிக்காதீங்க தங்கச்சி. எங்களுக்கும் வேற வழியில்ல. அடுத்த பங்குனிக்கும் நெல்லு இஞ்சதான் வரும்" என்றார்.

அடுத்த பங்குனிக்கு யார் இருப்பார், யார் இருக்க மாட்டார் என்று அன்னம் நினைத்தாள். அவர்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்கள்.

வெயில் மங்கி, வாவிப் பக்கமிருந்து காற்று எழும்பும் நேரம். கேற்றடியில் ஒரு மனிதர் நின்றார். சாரம் முழுக்கப் புழுதி. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"அன்னம்" என்றார்.

தவமலர்தான் "அப்பா" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அன்னம் மெல்ல நடந்து போய் அவர் தோளைத் தொட்டாள். கையைத் தொட்டாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் நெஞ்சில் இரண்டு அடி அடித்துவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

"ரோட்டு இண்டைக்குத்தான் திறந்த. எனக்கொண்டும் இல்ல, அழாத" என்றார் நல்லரத்தினம்.

"லொறி எங்க?"

"வித்துட்டன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கிவிட்டு வந்தவர்போல் இருந்தார். "முதலாளி கடையைப் பூட்டிட்டு ஓடிட்டான். ரெண்டு நாள் அவன்ட படலையில கிடந்து பாத்தன். மறுகா யோசிச்சன், விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் எண்டு. லொறிய வித்துட்டன். வெல்லாவெளியாக்கள்ட நெல்லுக் காசு முழுக்க இரிக்கு." சாரத்தின் மடிப்பைத் தட்டிக் காட்டினார். "நாளைக்கு விடிய துறையால போய் ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்திட்டு வாறன். இனி இந்தக் காணியில ஆரும் கை வைக்க ஏலா. கிளரன்ஸ் ஐயாவும் இஞ்சதான் இரிக்கார். எழுதுங்க ஐயா, பிள்ளைக்கு எழுதிப்போடுவம்."

கிளரன்ஸ் எழுதவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அன்னத்தைப் பார்த்தார்.

அன்னம் சொன்னாள். காலையில் கேற்றைத் தள்ளச் சொன்னதிலிருந்து கையெழுத்து வைத்தது வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். பானை வைத்ததையும் சொன்னாள். நல்லரத்தினம் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

"காசு குடுத்தா ஈடு தீருந்தானே ஐயா?" என்று கேட்டார் கடைசியில்.

"தீரும். ஆனா காசு வாங்கிட்டன், ஈடு விடுதலை எண்டு கோணாமலை கையெழுத்து வைக்கவேணும்."

"அவர் எங்க?"

கடைசிப் பாதை இந்நேரம் நடு வாவியில் போய்க்கொண்டிருக்கும். நாளைக்கு அது ஓடாது. மடியில் காசு இருந்தது. கொடுக்க வேண்டியவர் அந்தக் கரையில் இருந்தார்.

அப்போது ரோட்டில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. சீதேவிப்பிள்ளை இறங்கினாள். பட்டுச் சேலை, கையில் வெற்றிலைப் பெட்டி. ஓலை ஏறாத பந்தலைப் பார்த்தாள். நிலத்தில் இருக்கும் சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த முத்திரைத் தாளைக் கண்டு முகம் மலர்ந்தாள்.

"என்ன மச்சாள், உறுதி எழுதியாச்சா?"

அன்னம் தாளை எடுக்கக் கை நீட்டினாள். நல்லரத்தினம் பந்தல் கம்பைப் பிடித்து எழும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மணவறையில் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள்.

"எழுதியாச்சு மாமி" என்றாள் தவமலர். "ஆனா என்ட பேருக்கு இல்ல."